ப்ளகின் வீட்டாரும் ஹோஸ்டிங் வீட்டாரும்

எங்கள் குடும்பத்தில் அவளுக்குக் குசும்பி என்று பெயர். வைத்தது நான்தான். என் தம்பியின் மனைவி. ஆளைப் பார்த்தால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றுதான் யாருக்கும் தோன்றும். கல்யாணமான மூன்றாவது மாதம் என் தம்பி ஆபீஸிலிருந்து அவளுக்கு "லேட்டாகும்" என்று ஒரு செய்தி அனுப்பினான். போய்ச் சேர்ந்ததோ "பாத்திரம் எல்லாம் நான் கழுவுறேன்" என்று. அனுப்பிய பிறகுதான் கவனித்தான். மறுபடி அடித்தான், மறுபடியும் பாத்திரம். அவன் போனில் அந்த ஒரு சொல்லை அடித்தால் இந்த நாலு சொல்லாக மாறும்படி அவள் ஏதோ செய்து வைத்திருந்தாள். போன் கெட்டுவிட்டது என்று அவன் ரிப்பேர் கடைக்கு ஓட, கடைக்காரர் பார்த்துவிட்டு, "வீட்டுல பாத்திரத்தைக் கழுவிடுங்க சார், தானா சரியாயிடும்" என்றாராம். இன்றுவரை அவன்தான் கழுவுகிறான்.

நான் அவளுக்கு நாத்தனார். ஒன்றுக்கு ஒன்பது பேசுகிறவள். அவள் அப்படி இல்லை, பேசவே மாட்டாள், செய்துவிடுவாள். எங்கள் இருவரில் யார் ஆபத்து என்று முன்பு கேட்டிருந்தால் நான் என்னைத்தான் பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

முதலில் அவள் ஒரு பார்சல் ஆபீஸ் கவுண்டரில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தாள். பொட்டலத்தை எடை போடுவது, சீட்டு ஒட்டுவது, அடுத்த ஆளைக் கூப்பிடுவது. பாத்ரூம் போனால்கூட மேனேஜர் கடிகாரத்தைப் பார்ப்பாராம். வீட்டுக்கு வந்து வீடியோ பார்த்துப் பார்த்தே வெப்சைட் வேலையைக் கற்றுக்கொண்டாள். சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில், வாஷிங் மெஷின் நிற்கிற ஒடுக்கமான அறைதான் அவளுடைய ஆபீஸ். ஆறு வருடம் உட்கார்ந்து அலுத்துப்போனவள் என்பதால் நாற்காலியே கிடையாது. இஸ்திரிப் பலகையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, அதன்மேல் லேப்டாப்பை வைத்து நின்றபடியே வேலை செய்வாள். என் தம்பி கட்டில்மேல் சட்டையைப் பரப்பித் தேய்த்துக்கொள்வான். சட்டையில் மெத்தையின் வரிகள் அப்படியே தெரியும்.

நான் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பதினாலு வருடமாக ரிசப்ஷனில் இருக்கிறேன். டாக்டரம்மா வெப்சைட் வேண்டும் என்றபோது, "என் தம்பி பொண்டாட்டி பிரமாதமா பண்ணுவா" என்று நான் வாய் கொடுத்தேன். அவளும் என் வாயைக் காப்பாற்றினாள். எங்கள் சைட்டைப் பார்த்து எதிரே இருந்த கண்ணாடிக் கடைக்காரர் வந்தார், அவரைப் பார்த்து மருந்துக் கடைக்காரர் வந்தார். அந்தத் தைரியத்தில் அவள் பார்சல் ஆபீஸ் வேலையை விட்டாள். கிளம்பும்போது மேனேஜர், "உன் சீட்டைக் காலியாவே வைக்கறேன், மூணு மாசத்துல வந்துடுவே" என்றாராம். அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. என்னிடம் அதை மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். பேசாதவள் ஒன்றை மூன்று தடவை சொன்னால் அது எவ்வளவு வலி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்சைட் என்பது வாடகை வீடு மாதிரி. இடம் கொடுக்கிற ஹோஸ்டிங் கம்பெனிதான் வீட்டு ஓனர். ப்ளகின் என்பது வேறொரு கம்பெனியிடம் வாங்கி நாம் மாட்டிக்கொள்கிற சாமான். எங்கள் சைட்டில் மாட்டியிருந்தது டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்கிற ப்ளகின். நோயாளி தன் போனில் நேரம் குறித்தால் அந்த விவரம் முதலில் ப்ளகின் கம்பெனியின் சர்வருக்குப் போகும். அங்கிருந்து எங்கள் சைட்டுக்கு வந்து, என் மேஜைமேல் இருக்கிற திரையில் பெயர்ப் பட்டியலாக நிற்கும். இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இந்தக் கதைக்கு இது போதும்.

ஒரு திங்கட்கிழமை காலை பட்டியல் காலியாக இருந்தது. கூட்டமில்லாத நாள் என்று எனக்கு ஒரே குஷி. போனில் கேட்டவர்களுக்கெல்லாம் "பத்து மணிக்கு வாங்க, பத்தேகாலுக்கு வாங்க" என்று தாராளமாக அள்ளிக் கொடுத்தேன். ஒன்பதரைக்கு ஹால் நிரம்பியது. வந்தவர்களில் பாதிப் பேர் போனை நீட்டி, "பத்து மணின்னு உறுதி பண்ணி மெசேஜ் வந்திருக்கு" என்றார்கள். மீதிப் பாதிக்குப் பத்து மணி கொடுத்தது நான். ஒரே பத்து மணிக்கு நாலு பேர். கண்ணில் சொட்டு மருந்து விட்டதால் பார்வை மங்கியிருந்த ஒரு பெரியவர், நான் என்று நினைத்துச் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைப் பார்த்துக் கத்தினார். நானும் அந்தப் படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

மத்தியானம் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். அவர் சத்தம் போடமாட்டார், அதுதான் பயம்.

"சனிக்கிழமை பன்னெண்டு மணி வரைக்கும் பாக்கறேன்" என்றார். "அதுக்குள்ள சரியாகலேன்னா என் அக்கா பையன் கம்பெனிக்கு மாத்திடலாம். அவன் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான்."

டாக்டரம்மா எங்கே போனாலும் கண்ணாடிக் கடைக்காரர் அங்கே போவார், மருந்துக் கடைக்காரர் அவர் பின்னாலேயே போவார். மூன்றும் போய்விட்டால் குசும்பிக்கு மிஞ்சுவது பார்சல் ஆபீஸ் நாற்காலிதான். நான் போன் செய்து சொன்னதும் அந்தப் பக்கம் வாஷிங் மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி அண்ணி, பாக்கறேன்" என்றாள்.

செவ்வாயும் புதனும் அவளை இரண்டு கம்பெனிகளும் பந்தாடின. ஹோஸ்டிங் கம்பெனியில் கேட்டால், "உங்கள் சைட் இங்கே நன்றாகத் திறக்கிறது, ப்ளகின் கம்பெனியைக் கேளுங்கள்" என்றார்கள். ப்ளகின் கம்பெனியில் கேட்டால், "உங்கள் சர்வர் எங்களை உள்ளே விடவில்லை, ஹோஸ்டிங் கம்பெனியைக் கேளுங்கள்" என்றார்கள். எல்லா ப்ளகினையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள் என்றார்கள், பார்த்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக மாட்டுங்கள் என்றார்கள், மாட்டினாள். ஒவ்வொரு தடவையும் "இணைக்க முடியவில்லை" என்று சிவப்பில் ஒரு வரி வரும். நான் வேறு அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்து, "ஆச்சா, ஆச்சா" என்று நச்சரித்தேன்.

புதன்கிழமை போனில் கூப்பிட்டு, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரிலிருந்து சைட்டுக்குள் போய் எதையோ பார்த்துச் சொல்லும்படி கேட்டாள். பாஸ்வேர்டு என்ன என்றேன். தயங்கினாள்.

"நீங்க விடுங்க அண்ணி, நானே பாத்துக்கறேன்."

"பாஸ்வேர்டைச் சொல்லு. ஹாலே நிறைஞ்சு கிடக்கு."

"ஆங்கில எழுத்துல அடிங்க. அண்ணிக்கு வாய் நீளம். சேர்த்து அடிக்கணும். கடைசியில ஒன்பது."

அடித்தேன். திறந்தது. ஒன்பது எதற்கு என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் இருந்திருக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாத ஒன்றைத்தான் பாஸ்வேர்டாக வைப்பாளாம். மறக்காது பாருங்கள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் வீட்டுக்கே போய்விட்டேன். உதவிக்கு என்று சொன்னேன், உண்மையில் நிலைகொள்ளவில்லை. இஸ்திரிப் பலகைமேல் லேப்டாப் திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. இடது பக்கம் ஹோஸ்டிங் கம்பெனி ஆளோடு அரட்டை, வலது பக்கம் ப்ளகின் கம்பெனி ஆளோடு அரட்டை. எல்லாம் ஆங்கிலம், நான் சாரத்தைச் சொல்கிறேன். இடது பக்கம் வருவதை எடுத்து வலது பக்கம் ஒட்டினாள், வலது பக்கம் வருவதை இடது பக்கம் ஒட்டினாள். இரண்டு பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது அந்த இரண்டு பேருக்கும் தெரியாது.

"இது என்னடி கூத்து?"

"சம்பந்திங்க ரெண்டு பேரும் நேர்ல பேச மாட்டேங்கறாங்க அண்ணி. நடுவுல நான் தூது போறேன்."

தூது போகிறவர்கள் சும்மாவா போவார்கள். ஹோஸ்டிங் ஆள், "ப்ளகினில் ஏதாவது குறை இருக்கவும் வாய்ப்புண்டு" என்று பட்டும் படாமல் எழுதினார். அது வலது பக்கம் போகும்போது, "குறை உங்கள் ப்ளகினில்தான் என்கிறார்கள் ஹோஸ்டிங்காரர்கள், இல்லையென்றால் ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள்" என்று ஆனது. ப்ளகின் ஆளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எந்த நாள், எந்த நிமிடம், எந்த நொடி கதவைத் தட்டினோம், என்ன பதில் வந்தது என்று நாலு பக்கத்துக்கு அனுப்பினார். அதைத் தூக்கி இடது பக்கம் வைத்து, "அவர்கள் நாலு பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். உங்களிடம் ஒரு பக்கமாவது இருக்கிறதா என்று கேட்கிறார்கள்" என்று எழுதினாள். அதுவரை ஒவ்வொரு பதிலையும் "உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்" என்று தொடங்கிக்கொண்டிருந்த ஹோஸ்டிங் ஆள், முதல் தடவையாகச் சிரமத்தை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பாவம் இல்லையா?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, எனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு.

"ரெண்டு நாளா ரெண்டு பேரும் என்னைத்தான் உதைச்சாங்க. இப்ப பந்து அவங்களை உதைக்குது" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கும் ஆசை விடவில்லை. இடது பக்கத்துக்கு நான் ஒரு வரி சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு, "இது ஓவர் அண்ணி, வேலையை விட்டே ஓடிடுவாரு" என்று மறுத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் தாங்களாகவே தங்கள் மேலதிகாரிகளைக் கூட்டி வந்திருந்தார்கள். மூன்று நாளாக அசையாத தேர் அசைந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே போனேன். நாலரை மணிக்கு இடது பக்கம் நீளமாக ஒரு பதில் வந்தது. அவள் படித்தாள். மறுபடி ஒரு தடவை படித்தாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் திரையைச் சாதாரணமாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சைட்டுக்குள் எங்கேயோ போய் எதையோ எடுத்துவிட்டாள், இணைப்புப் பொத்தானை அழுத்தினாள், சிவப்பு வரி இருந்த இடத்தில் பச்சையாக ஒரு டிக் வந்தது. அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் எனக்குப் போன் செய்து, "திரையில பேரா கொட்டுது, நிக்கவே மாட்டேங்குது" என்றாள். அந்த அறையில் குதிக்க இடமில்லை, இருந்தும் குதித்தேன். வாஷிங் மெஷின் மூடியில் முழங்கையை இடித்துக்கொண்டேன்.

அவள் குதிக்கவில்லை.

"யாரு பண்ணின கோளாறு? எந்த வீட்டுக்காரங்க?"

"நாளைக்கு டாக்டர் முன்னாடி நானே சொல்றேன் அண்ணி."

ஹோஸ்டிங்காரர்களுக்கு ஏதோ பெரிய ஆப்பு தயாராகிறது என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு டாக்டரம்மாவின் அறையில் கூடினோம். அக்கா பையன் முன்னமே வந்து, பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு, நோயாளிகள் உட்காருகிற உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் குசும்பியும் ஸ்டூலில் உட்கார்ந்தோம். ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து டாக்டரம்மாவுக்கு ஒரு மெயில் வந்திருந்தது, ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம் என்று. அந்த மாதிரி மெயிலை அவர்கள் எல்லோருக்கும் அனுப்புவார்கள். ஆனால் படிக்கிறவர்களுக்குத் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரிதான் தெரியும்.

"பாத்தீங்களா சித்தி?" என்றார் அக்கா பையன். "ஹோஸ்டிங் சரியில்ல. மொத்தமா என்கிட்ட மாத்திடுங்க."

"அவங்க தப்புதானாம்மா?" என்று டாக்டரம்மா குசும்பியைக் கேட்டார்.

அவள் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும். ஹோஸ்டிங் கம்பெனியைத்தான் மாற்ற வேண்டியிருக்கும், அவளை இல்லை. நான் ஸ்டூலுக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"இல்ல டாக்டர்" என்றாள். "ஆறு வாரத்துக்கு முன்னாடி, வெளிநாட்டுலேர்ந்து யாரும் நம்ம சைட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நான் ஒரு தடை போட்டேன். போன ஞாயித்துக்கிழமை ப்ளகின் கம்பெனி அவங்க சர்வரை வேற நாட்டுக்கு மாத்திட்டாங்க. அதனால நான் போட்ட தடை அவங்களையே நிறுத்திடுச்சு. ஹோஸ்டிங் மேலயும் தப்பில்ல, ப்ளகின் மேலயும் தப்பில்ல. நேத்து எடுத்துட்டேன்."

அக்கா பையன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அவள் காலை மிதித்த என் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஆறு வாரத்துக்கு முன் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் சைட்டில் கருத்துப் பகுதியில் தினமும் எங்கிருந்தெல்லாமோ குப்பை வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் டாக்டரம்மா படத்துக்கு நேர் கீழே எவனோ முடி வளரும் தைலம் விற்றுக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குசும்பிக்குப் போன் போட்டு, "வெளிநாட்டுக்காரன் ஒருத்தன்கூட உள்ள வரக்கூடாது, மொத்தமா பூட்டு" என்றேன். "அப்படி மொத்தமா பூட்டினா நமக்கு வேண்டியவங்களும் வெளிய நிப்பாங்க அண்ணி, குப்பையை மட்டும் வடிகட்டலாம்" என்று அவள் சொன்னாள். "பதினாலு வருஷமா ரிசப்ஷன்ல இருக்கேன், யாரை உள்ள விடணும் யாரை விடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா, சொன்னதைச் செய்" என்று நான் போனை வைத்தேன். ஆஸ்பத்திரி வாசலும் வெப்சைட் வாசலும் ஒன்று என்று நினைத்த புத்திசாலி நான்.

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. போனில் பேசிய பேச்சு, எழுத்தில் ஒன்றும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பதினாலு வருட மரியாதை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அக்கா பையன் பக்கம் திரும்பினார்.

"நான்தான் பூட்டச் சொன்னேன் டாக்டர்" என்றேன். "அவ வேண்டாம்னா. நான்தான் கேக்கல."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பதினாலு வருஷத்துல உங்க வாயிலேர்ந்து நான் இதைக் கேட்டதே இல்ல" என்றார் என்னிடம். "இனிமே நேர்ல வர்றவங்களை மட்டும் நீங்க பாருங்க. வெப்சைட்டுக்குள்ள வர்றவங்களை அவ பாத்துப்பா." பிறகு அக்கா பையனிடம், "அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லுப்பா" என்றார். அக்கா பையன் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது, அந்த நாற்காலி அவ்வளவு உயரம்.

வெளியே வந்து தெருமுனை வரை நடந்தோம். எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து நடையே பின்னியது.

"எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அங்கயாவது என் பேரைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்க ஒன்பது காரணம் எடுத்து மறுத்திருப்பீங்க அண்ணி. சொல்லாம விட்டா நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

அடிப்பாவி. அந்த இரண்டு கம்பெனி ஆட்களையும் எப்படி ஆட்டினாளோ அப்படியே என்னையும் ஆட்டியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கேட்டேன்.

"நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் சிரிக்கவில்லை.

"திங்கட்கிழமை பார்சல் ஆபீஸுக்குப் போயிருப்பேன்" என்றாள். "நேத்தே மேனேஜருக்குப் போன் பண்ணி, சீட்டு இன்னும் காலியா இருக்கான்னு கேட்டு வச்சுட்டேன்."